ஒப்படைத்த விவரமும் காக்கும் கடமையும்

வங்கியில் கணக்குத் தொடங்க வருபவர் தமது பெயர், முகவரி, பிறந்த தேதி, தொழில், வருமானம் முதலியவற்றைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். சில மாதங்களுக்குப் பின், அவருடைய வைப்புத்தொகை முதிரும் நாளைச் சரியாகச் சொல்லி, முன்பின் அறியாத ஏஜெண்டு ஒருவர் தொலைபேசியில் அவரை அழைக்கிறார் எனக் கொள்வோம். கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் அவருக்குரியது ஒன்று அவரறியாமல் கைமாறிவிட்டது. அதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு? சட்டம் எட்டாத இடத்தில் யாருடைய பொறுப்பு தொடங்குகிறது? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சந்தை ஏன் தானே திருத்திக் கொள்வதில்லை?

தரங்குறைந்த பண்டத்தை விற்கும் வணிகர் நாளடைவில் வாடிக்கையாளரை இழப்பார் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். தனிநபர் விவரங்களில் இவ்விதி செயற்படுவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவதாக, விவரம் களவு போனாலும் உரியவரிடம் அப்படியே இருக்கிறது. ஆகவே களவு நடந்ததே அவருக்குத் தெரிவதில்லை. இரண்டாவதாக, ஒரே தொலைபேசி எண்ணை அவர் வங்கியிலும், மருத்துவமனையிலும், துணிக்கடையிலும் கொடுத்திருக்கிறார். எங்கிருந்து கசிந்தது என்று அவரால் மெய்ப்பிக்க இயலாது. மூன்றாவதாக, பட்டியலை விற்பவர் விலை பெறுகிறார்; வாங்குபவர் ஆதாயம் பெறுகிறார்; நஷ்டமோ இப்பேரத்தில் பங்கு கொள்ளாத மூன்றாமவரைச் சேர்கிறது. பொருளாதார நூல்கள் புறவிளைவு எனக் குறிப்பிடுவது இதனையே. ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைச் சந்தை தடுக்காதது போலவே இதனையும் தடுப்பதில்லை. எனவே சட்டத்தின் தலையீடு இன்றியமையாததாகிறது.

வங்கி இரகசியம் என்னும் பழைய கடமை

இக்கடமை கணினியோடு பிறந்ததன்று. இங்கிலாந்தில் டூர்னியர் என்னும் வாடிக்கையாளர், கணக்கில் மிகையாகப் பெற்ற தொகையைத் தவணைப்படி திருப்பிச் செலுத்தத் தவறினார். அவருடைய முகவரியை அறிவதற்காக அவர் பணிபுரிந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்த வங்கி மேலாளர், அவருடைய கடனைப் பற்றியும், அவர் பந்தயத்தில் பணம் கட்டுவதாகத் தாம் ஐயுறுவதைப் பற்றியும் சொல்லிவிட்டார். டூர்னியரின் வேலை நீட்டிக்கப்படவில்லை. இவ்வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடாதிருப்பது வங்கியின் சட்டக் கடமை என்று விதித்தது. சட்டத்தின் கட்டாயம், பொதுமக்கள்பாலுள்ள கடமை, வங்கியின் சொந்த நலனைக் காக்கும் தேவை, வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்கு மட்டுமே விலக்குகள்.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் பாரத ஸ்டேட் வங்கிச் சட்டம் இக்கடமையை எழுத்து வடிவில் விதித்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் இயற்றப்பட்ட 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவும், வங்கிகள் நம்பகத்தையும் இரகசியத்தையும் காக்க வேண்டுமென ஆணையிடுகிறது. வங்கியின் உரிமை தனியாரிடமிருந்து அரசுக்கு மாறியபோது, வாடிக்கையாளரின் இரகசியம் அரசின் பொதுச் சொத்தாகிவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அரசுக்கும் எல்லை உண்டு

இக்கருத்தைப் பின்னர் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆவணங்களில் முத்திரைக் கட்டணம் சரிவரச் செலுத்தப்பட்டதா என்று அறிய, மாவட்ட ஆட்சியர் அதிகாரமளிக்கும் எவரும் ஆவணங்கள் உள்ள இடத்தினுள் புகுந்து சோதனையிடலாம் என ஆந்திரப் பிரதேசம் முத்திரைச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. கனரா வங்கி தொடர்பான வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. அந்தரங்க உரிமை இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. ஆகவே ஆவணம் வங்கிக்குச் சென்றுவிட்டதால் மட்டும் உரியவரின் உரிமை அற்றுப்போவதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இன்றைய சட்டங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அந்தரங்கத் தன்மை மிக்க விவரங்களைக் காப்பதில் அசட்டையாயிருந்த நிறுவனம், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டுமென்பது 43ஏ பிரிவு. ஒப்பந்தத்தின்படி கிடைத்த தனிநபர் விவரத்தை, தீங்கு விளையும் என்றறிந்தும் அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிப்பது 72ஏ பிரிவு. நுகர்வோர் நம்பிக்கொடுத்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குத் தருவது நேர்மையற்ற வணிக நடைமுறை என 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. கைபேசிச் செயலிகள் வழியே கடன் பெற்றோரின் உறவினரையும் நண்பரையும் அழைத்து வசூல் முகவர்கள் அச்சுறுத்தும் கொடுமை பெருகியது. இதனை அடுத்து, அச்செயலிகள் கடனாளியின் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் தொடலாகாது என ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுள் விரிவானது. சம்மதம் தன்னிச்சையானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்குரியதாகவும், விளங்கிக்கொண்டு தரப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். நோக்கம் நிறைவேறியபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, விவரத்தை அழித்துவிட வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் அமலுக்கு வருமென அப்போது வகுக்கப்பட்டது.

நஷ்டம் ஒருவருக்கு, அபராதம் மற்றொருவருக்கு

மாணவர்கள் ஈண்டு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். மேற்கூறிய அபராதத் தொகை இந்தியாவின் தொகுப்பு நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவரின் கைக்கு வாராது. அத்துடன், நஷ்டஈட்டுக்கு வழிசெய்த 43ஏ பிரிவை நீக்கவும் புதிய சட்டம் வகைசெய்துள்ளது. பெரிய அபராதம் நிறுவனங்களை எச்சரிக்கையாக நடக்கத் தூண்டும் என்பது உண்மையே. ஆனால் கசிந்த விவரத்தால் ஏமாற்றப்பட்டுச் சேமிப்பை இழந்த ஓய்வூதியர், தம் இழப்பை ஈடுசெய்ய நுகர்வோர் ஆணையம் போன்ற பிற மன்றங்களையே நாட வேண்டியிருக்கும். அங்கும் கசிவு எங்கு நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவரைத் தொடரும். தண்டிப்பதும் ஈடுசெய்வதும் வெவ்வேறு பணிகள். முன்னதைச் செய்தமையால் பின்னது தானே நிறைவேறிவிடாது.

மேசையில் தொடங்கும் அறம்

இழப்பை ஈடுசெய்வது இத்துணைக் கடினமாயிருப்பதால், வருமுன் காப்பதே வாடிக்கையாளருக்குக் கிட்டும் மெய்யான பாதுகாப்பாகும். காப்பவர் சட்டத்தை எழுதியவரல்லர். படிவத்தைக் கையில் வாங்கும் ஊழியரே. பெட்டகத்தின் சாவியை எந்தக் காசாளரும் பிறரிடம் தருவதில்லை. ஆனால் கணினியின் கடவுச்சொல்லைச் சக ஊழியரிடம் சொல்லத் தயங்காதவர் பலர். பழைய விண்ணப்பங்கள் எடைக்குப் போடப்பட்டுப் பொட்டலம் மடிக்கும் தாளாகின்றன. வாயிலில் வைத்த பதிவேட்டில், முன்னே வந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பின்னே வருபவர் படிக்கிறார். இவற்றில் தீய எண்ணம் ஏதுமில்லை. விவரமும் ஒரு வைப்புப் பொருளே என்ற உணர்வு இல்லாமையே குறை.

அலுவலர் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை அச்சிடுமுன் அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் எதற்காக என்று கேட்டுக்கொள்ளுதல் நலம். விடை கிடைக்காத கட்டத்தை நீக்கிவிடலாம். கேட்டுப் பெறாத விவரம் கசிவதில்லை. பெற்ற விவரத்தை எவர் பார்க்கலாம், எந்நாள் வரை வைத்திருக்கலாம் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். சேமிப்பும், காப்புறுதியும், அரசின் நலத்திட்டங்களும் மக்கள் தங்களைப் பற்றிய உண்மையை அஞ்சாது சொல்வதை நம்பியே நடைபெறுகின்றன. சொன்ன உண்மை தமக்கே தீங்காய்த் திரும்புமென்று கண்டால் அவர்கள் பொய் சொல்வர், அன்றி விலகி நிற்பர். அந்நிலையில் வளர்ச்சித் திட்டங்களின் அடிப்படையே ஆட்டங்காணும். ஆதலின் வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பது அவருக்குக் காட்டும் சலுகையன்று. நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.