தகப்பனாரின் மறதியும் தஸ்தாவேஜுகளும்

கேள்வி: என் தகப்பனாருக்கு மறதி நோயின் ஆரம்ப நிலை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீடும் பாங்கிக் கணக்கும் அவர் பெயரில் இருக்கின்றன. என் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, அதிகாரம் கொடுத்தவரின் சித்த ஸ்வாதீனம் தவறியதும் அவர் கொடுத்த அதிகாரமும் அற்றுப்போவதால், எந்தக் காலத்துக்கென்று அதை வாங்குகிறீர்களோ அந்தக் காலத்தில்தான் அது உதவாது. பிறகு கார்டியன் நியமனத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டிவரும். ஆகையால், தம் இஷ்டத்தைத் தாமே தெளிவாகச் சொல்லும் சக்தி அவருக்கு இருக்கும்போதே, அவர் மனம்போல் உயில் எழுதுவித்து, அதனால் லாபமடையாத இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடச் செய்து, அன்றைய தேதியிட்டே வைத்தியரின் அத்தாட்சியும் வாங்கி வைப்பது உசிதம். சிகிச்சை பற்றிய விருப்பத்தையும், தமக்காகப் பேசவேண்டியவர் யார் என்பதையும் முன்கூட்டி எழுதிவைக்க 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் இடந்தருகிறது. பாங்கிக் கணக்கில் தாயாரையும் சேர்த்து, இருவரில் எவரும் பணம் எடுக்கும்படி செய்யுங்கள்.

வீட்டையே இப்போது செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிடும்படி பந்துக்களில் யாரேனும் யோசனை சொல்லக்கூடும். அந்த அவசரம் எனக்குச் சம்மதமில்லை. மூலப்பத்திரம் எந்தப் பெட்டியில், இன்ஷூரன்ஸ் பாலிசி எந்த உறையில், தகப்பனார் யாருக்குக் கைமாற்று கொடுத்திருக்கிறார் என்பதையெல்லாம், அவரருகில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலை வேளையே நல்லது. பொழுது சாய்ந்தால் இந்நோயாளிகளில் பலருக்குக் குழப்பம் அதிகரிக்கும்.