இருமுனை மனநோய்: சுகமான மாதங்களிலும் குளிசை



மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, ஓரிரு தாய்மார் மட்டும் பின்தங்கி நிற்பதுண்டு. "சுவாமி, பிள்ளைக்கு இருமுனை நோய் எண்டு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. இது விசரா?" என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உரிய பதிலை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். பெயரும் ஊரும் வேண்டாம். 2006 இல் இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் வாழ்ந்து, பின் காணிக்குத் திரும்பியவர்கள். முகாமில் பிறந்த மகனுக்குப் பதினாறு வயது. பெரும்போக வெள்ளாமைக்கு யானைக் காவலுக்காகத் தொடர்ந்து பல இரவுகள் பரணில் விழித்திருந்தான். காவல் முடிந்த பின்னும் அவனுக்கு நித்திரை வரவில்லை; களைப்பும் இல்லை. ஓயாமல் பேசினான். தாயின் சங்கிலியை அடகு வைத்து உழவு இயந்திரத்துக்கு முற்பணம் கட்டினான். தடுத்த தகப்பனை அடிக்கப் போனான். இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளை பாயை விட்டு எழும்பவில்லை. குளிக்கவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, "நான் இருந்து என்ன பலன்?" என்றான்.

இங்கே நமது தவறையும் சொல்லிவிட வேண்டும். முதலில் அந்தத் தாய் வந்தபோது, வயதுக் கோளாறு, கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள் என்றுதான் நாமும் சொன்னோம். பிறகு நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள், செய்வினை எடுக்கவும் காசு செலவழித்தார்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர ஒரு வருடம் ஆகிவிட்டது.

இந்த நோயில் மனநிலை இரண்டு முனைகளுக்குப் போகிறது. ஒரு முனையில் அளவு கடந்த எழுச்சி, மறுமுனையில் ஆழ்ந்த சோர்வு. இடையில் பிள்ளை முழுச் சுகமாக இருக்கும் காலமும் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 இல் உலகில் 4 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தார்கள். பரம்பரைக்கு இதில் பெரிய பங்குண்டு; நித்திரையின்மையும் பெரும் மன அதிர்ச்சியும் அதைக் கிளப்பிவிடலாம். பெற்றோரின் வளர்ப்புப் பிழையோ பிள்ளையின் கெட்ட குணமோ இதற்குக் காரணம் அல்ல.

1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் ஊரையும் வயலையும் அள்ளிக்கொண்டு போன வெள்ளம். அதன் பின் வெறுங்குளம். எழுச்சியும் சோர்வும் அப்படித்தான் ஒன்றையொன்று தொடரும். குளக்கட்டைத் திருத்துவது வெள்ளம் வரும் நாளில் அல்ல, தண்ணீர் அடங்கிக் கிடக்கும் நாளில்தானே? குளிசையும் அப்படியே. நாம் சொன்ன பையன் ஐந்து மாதம் ஒழுங்காகக் குளிசை குடித்துப் பள்ளிக்கூடத்துக்கும் போனான். "சுகம் வந்த பிள்ளைக்கு ஏன் குளிசை?" என்றார் மாமா. நிறுத்தினார்கள். ஆறு கிழமையில் முன்பைவிடக் கடுமையாக நோய் திரும்பியது. சுகம் வந்ததே குளிசையால்தான் என்பதை மாமாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்நோய்க்கு லித்தியம் என்பது பழைய, நல்ல மருந்து. அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949 இல் அதன் பயனை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் மூன்று வருடத்துக்கு மேலாகச் சிங்கப்பூரில் யப்பானியரின் சிறையில் கிடந்து மீண்டவர் அவர். முகாம் வாழ்க்கை தெரிந்தவர் என்று நமக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் வெயிலில் வேலை செய்யும் நம்மவர்கள் லித்தியத்தைப் பற்றி ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும். அது நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். ஆகவே அருவி வெட்டுக்குப் போகும் பிள்ளையின் கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். உப்பை வழமைபோலச் சேருங்கள். திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தண்ணீரும் குடியாத உபவாசமும் விரதமும் இப்பிள்ளைகளுக்கு வேண்டாம். தவக்காலத்திலும் இதையேதான் சொல்வோம். உடம்பு நோவுக்குக் கடையில் இபுபுரோபன், டைக்குளோபெனக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவையும் லித்தியத்தை ஏற்றும். பனடோல் கொடுக்கலாம். வாந்தி, வயிற்றோட்டம், கை பலமாக நடுங்குதல், தள்ளாட்டம், நாக்குக் குழறுதல் கண்டால் அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்குமுன் வைத்தியரிடம் கொண்டு போங்கள். மருந்தின் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை, கடைசிக் குளிசை குடித்து 12 மணித்தியாலம் கழித்துச் செய்வது. அன்று காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகே குடிக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைரொயிட் சுரப்பியையும் இடைக்கிடை பரிசோதிப்பார்கள்.

வேறு மருந்துகளும் உண்டு. அவற்றில் சோடியம் வல்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். பெண் பிள்ளைக்கு அதை எழுதியிருந்தால், அல்லது அவளுக்குக் கலியாணம் பேசினால், வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

இரவுக் காவலுக்கு இந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில் இது பெரிய இழப்பு என்பது நமக்குத் தெரியும். அண்ணனோ சித்தப்பாவோ காவலுக்குப் போகட்டும். பகல் வேலையை இவன் செய்யட்டும். விடிய விடியத் திருவிழா, கூத்து, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு கொப்பியில் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தான், எழும்பினான் என்று அவனே எழுதட்டும். நித்திரை குறைந்தும் களைப்பில்லை என்று இரண்டு மூன்று நாள் கண்டால், கிளினிக் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சோர்வுக் காலத்தில் உயிருக்கே ஆபத்து. இலங்கையில் 1995 இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கைக்கு எட்டாதபோது உயிர் தப்புகிறது. கிருமிநாசினியையும் களைநாசினியையும் வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். குளிசைகளும் தாயின் பொறுப்பில் இருக்கட்டும். சாக நினைக்கிறாயா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எங்கு போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். செபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வைத்தியரையும் மருந்தையும் மதிக்கும்படி சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரமே கற்பிக்கிறது. நேர்த்தியும் நடக்கட்டும், குளிசையும் நடக்கட்டும்.

பிள்ளையிடம் நோயின் பெயரை மறைக்காதீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதலாம், தொழில் பழகலாம், கலியாணமும் செய்யலாம் என்று அதே மூச்சில் சொல்லுங்கள். நாம் சொன்ன பையன் இப்போது மறுபடி குளிசை குடிக்கிறான். தகப்பனோடு பகலில் வாய்க்கால் வெட்டுகிறான். கொப்பியை நமக்குக் காட்டினான். நான்கு நாள் எழுதாமல் விட்டிருந்தான். ஏன் என்றோம். "நித்திரை கொண்டுட்டேன், சுவாமி" என்றான்.

குழுவில் பேசுவதற்கு: நம் ஊரில் இரவுக் காவலை முறை வைத்துப் பிரித்தால், இப்படியான பிள்ளை உள்ள வீட்டின் முறையை யார் ஏற்பது? கிளினிக் நாளில் பஸ்ஸுக்குக் காசில்லாத தாய்க்குச் சங்கத்திலிருந்து என்ன செய்யலாம்?