ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுமுன்

அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு மதுரை ஆரப்பாளையத்தில். கோவைக்கும் திருப்பூருக்கும் போக ஒரு பையோடு பஸ் நிலையத்தில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்காத நாளில்லை. வீட்டில் கடன், யாரோ கொடுத்த போன் நம்பர், அதை நம்பிக் கிளம்புகிறார்கள். கிளம்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு கிளம்புங்கள். கையில் காசில்லாதவருக்கும் கற்றுத்தர இந்த ஊரிலேயே இடமிருக்கிறது.

1. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனிடம் ஒரு நிமிஷம்கூட உட்காராதே. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் ஏஜென்ட் கையில் கொடுக்காதே. காட்டு, ஜெராக்ஸ் கொடு, திருப்பி வாங்கிக்கொள்.

2. தம்பி, முதலில் கோ.புதூர் போ. அரசு ஐ.டி.ஐ.யும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அங்கேதான் இருக்கின்றன. எட்டாவது படித்தவருக்கும் சில பிரிவுகள் உண்டு. பத்தாவது என்றால் பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்று நிறைய. வெல்டர் ஓர் ஆண்டு, பிட்டர் இரண்டு ஆண்டு. விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக்கும் ஆகும் சிறு தொகை தவிர, பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் சீருடையும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். உனக்கு எது பொருந்தும் என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேள். கூச்சப்பட்டுக் கேட்காமல் போனவர்களுக்குக் கிடைக்காமலே போயிருக்கிறது.

3. வீடு மாநகராட்சி எல்லைக்குள்ளா, ஊராட்சியிலா என்று தெரிந்து வைத்துக்கொள். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆரப்பாளையத்தில் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு, ஏழைக் குடும்பம் என்றால், 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் உண்டு. வயது 15 முதல் 35 வரை. நகரத்துப் பிள்ளைகள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளைப் பார்க்கலாம்.

4. பாப்பா, உன்னிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு இந்த ஊரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. பார்வை அளப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவது வரை அந்தப் பெண்கள்தான். உலகமே வந்து பார்த்துப் படிக்கிற மருத்துவமனையைத் தாங்கி நிற்பது நம் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகளின் கை. உன் கைக்கு இரும்புதான் பிடிக்கும் என்றால் பிட்டர் பிரிவுக்கே வா. யாரும் தடுக்க முடியாது.

5. முதல் மாதத்தில் ஓடிவிடாதே. பிட்டருக்கு ஆரம்பத்தில் அரம் பிடித்து ராவுவதுதான் வேலை. ஓர் இரும்புத் துண்டை ராவி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் ஒளி கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். மெஷின் இருக்க இது எதற்கு என்று கேட்டுவிட்டு, நல்ல கை வாய்த்த பையன்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுக் கணினி மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். அந்த மெஷினில் வந்த பொருள் சரியா, கோணலா என்று சொல்ல ராவிப் பழகிய கண் வேண்டும்.

6. ஒர்க்‌ஷாப்புக்குள் செருப்போடு வராதே. தளர்ந்த சட்டையும் துப்பட்டாவும் டர்னிங் மெஷின் அருகில் ஆகவே ஆகாது.

7. வேலை கிடைத்த பிறகுதான் பெரிய சோதனை. முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியவனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள் என்று பெற்றோரிடமும் சொல்வேன். அவனிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். இதற்காகத்தான் தீன்தயாள் திட்ட விதிகளிலேயே வேலையில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தர வழி வைத்தார்கள்: சொந்த மாவட்டம் என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் 3, வெளிமாநிலம் 6. சேரும்போதே இப்போது எவ்வளவு, யார் தருவார் என்று பயிற்சி மையத்தில் கேட்டுக் குறித்துக்கொள். மற்றத் திட்டத்தில் சேர்ந்தவன் ஒரு மாதச் செலவுக்காவது முன்கூட்டியே சேர்த்து வை. மூன்று மாதம் தாக்குப்பிடித்தவன் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறான்.

8. சொந்தக் கடை போட நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் பிறந்த யோசனை அது. பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்; கடனுக்கு வங்கியிடம் கைகாட்டியும் விடுவார்கள்.

9. ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதே. பத்தாவதுக்குப் பின் இரண்டு ஆண்டுப் பிரிவில் தேறியவர், பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாகச் சான்று வாங்கலாம். பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். சேர்க்கை கோடையில் தொடங்கிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் கூட்டம் சேரும் முன்பே சரிசெய்து வைத்துக்கொள்.