ஏழு ஆறாகிப்போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேசைக் கணினிதான். பழையது, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மனைவியின் டியூஷன் கணக்கும் குடும்பப் படங்களும் விண்டோஸில், என் எழுத்து வேலை உபுண்டுவில். ஒரு ஞாயிறு காலை, விண்டோஸில் இருந்தபடியே, சும்மா கிடந்த ஒரு காலிப் பார்ட்டிஷனை அழித்தேன். மறுபடி ஆன் செய்தபோது இரண்டுமே வரவில்லை. அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ'. அவ்வளவுதான்.

"என்னங்க, அத்தை போட்டோ எல்லாம் போயிடுச்சா?" என்று மனைவி கேட்டாள். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. தெரிந்த கடைக்குப் போன் செய்தேன். "ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

உபுண்டு நிறுவிய பென் டிரைவ் அலமாரியில் இருந்தது. அதைச் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் உள்ளே போனேன். விண்டோஸின் பார்ட்டிஷன் திறந்தது. அம்மா இருந்தாள், எல்லாப் படங்களிலும். பழுதுபார்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் அத்தனையையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் அந்தப் பார்ட்டிஷன் முழுதாக மூடப்பட்டிருக்காது. அப்போது படிக்க மட்டும் திறந்தால் போதும். நகலெடுக்க அதுவே தாராளம். எழுத வேண்டுமென்று வற்புறுத்தித் திறக்காதீர்கள்.

நகலெடுத்த பிறகுதான் நிதானமாக யோசிக்க முடிந்தது. இந்த வகைப் பழைய கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. அட்டவணையில் நான்கு பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றை விரிவுப் பார்ட்டிஷனாக்கி, அதற்குள் 5, 6, 7 என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். என் உபுண்டு 7-இல் இருந்தது. நான் அழித்தது 6. நடுவில் ஒன்று போனதும் 7 தானாகவே 6 ஆகிவிட்டது. ஆன் செய்ததும் விண்டோஸா உபுண்டுவா என்று மெனு காட்டி ஏற்றிவிடும் க்ரப்போ, தன் மீதிக் கோப்புகளைப் பழைய நினைப்பில் 7-இல் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸுக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அதுவும் நின்றுபோனது. ஒரு கோப்புகூட அழியவில்லை. ஓர் எண் மட்டும் மாறியிருந்தது.

பென் டிரைவை எடுத்துவிட்டு, அந்தக் கறுப்புத் திரையிலேயே 'எல்எஸ்' கட்டளையைத் தட்டினேன். பார்ட்டிஷன்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது விண்டோஸ் இருந்தவற்றுக்கெல்லாம் 'தெரியாத கோப்பமைப்பு' என்றே பதில். இந்த இடத்தில்தான் பலர் கலங்கிப்போவார்கள். அந்தச் சின்ன மீட்புத் திரைக்கு விண்டோஸின் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியாது, அவ்வளவே. பார்ட்டிஷன் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. 6-இல் 'பூட்' ஃபோல்டர் தெரிந்தது. 'ரூட்', 'ப்ரீஃபிக்ஸ்' இரண்டையும் 'செட்' கட்டளையால் அந்த எண்ணுக்கு மாற்றி, 'இன்ஸ்மாட் நார்மல்', அடுத்து 'நார்மல்' என்று கொடுத்தேன். பழைய மெனு வந்து நின்றது.

இதோடு விட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது மறுபடி அதே கறுப்புத் திரைதான். உபுண்டுவுக்குள் போய் 'க்ரப் இன்ஸ்டால்', 'அப்டேட் க்ரப்' இரண்டையும் ஓட்டினால்தான் மாற்றம் நிலைக்கும். க்ரப் இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுக்க வேண்டும். பெயரின் கடைசியில் பார்ட்டிஷன் எண் வரக்கூடாது. விண்டோஸின் பழுதுநீக்கும் வட்டிலிருந்து 'ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்தும் விண்டோஸை எழுப்பலாம்தான். ஆனால் அது க்ரப்பின் மேலேயே எழுதிவிடும், உபுண்டுவுக்குப் போகும் வழி அடைபடும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது.

யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில் முதல் 512 பைட்டை நம்பி எதுவும் இல்லை. பூட் கோப்புகள் தனியொரு சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும். அங்கே ஒன்று எழவில்லையென்றால் முதலில் பூட் வரிசையைப் பாருங்கள். பல நேரம் அந்த வரிசைதான் மாறியிருக்கும்.

எந்தப் பார்ட்டிஷனில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, இப்போது சிபியுவின் பக்கவாட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். பார்ட்டிஷனைத் தொடும் முன் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை. உங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி எடுத்து வையுங்கள். 8 ஜிபி போதும். யாராவது ஃபார்மேட் என்று சொன்னால், அதில் ஒருமுறை பூட் செய்து, உங்கள் கோப்புகளைக் கண்ணால் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.