உப்பு அரவை இயந்திரம்: பழுதும் பராமரிப்பும்

மரக்காணம் கடலோரப் பாத்திகளில் கோடையில் விளையும் கல்லுப்பைத் தூளாக்கி விற்க விரும்புவோருக்குச் சுத்தி அரவை இயந்திரம் பயன்படும். ஆனால் "ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிட்டதே!" என்று வருந்துவோர் பலர். இதற்குக் காரணம், இந்த இயந்திரம் ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போதுதான் அதிகம் கெடுகிறது என்பதே.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பும் ஈரத்தை இழுத்துக் கசியும். கல்லுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். இயந்திரத்தினுள் தங்கிய தூள் இரவில் உப்பு நீராக மாறி இரும்பை அரிக்கிறது. ஆகவே, நாள்தோறும் வேலை முடிந்த பின் செய்யும் பத்து நிமிடத் துப்புரவே முதல் பராமரிப்பாகும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

1. உப்பு இடுவதை நிறுத்திய பின், உள்ளிருப்பது முழுவதும் வெளியேறும் வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.

2. மெயின் சுவிட்சை அணைத்து, பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுழற்சி முற்றிலும் நின்ற பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.

3. சுத்திகள், சல்லடை, மூலைகள் ஆகியவற்றை உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். ஒட்டிய உப்பை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும்.

பழுதுகளும் தீர்வுகளும்

தூள் பருமனாக வந்தால்: சல்லடை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றவும்.

அரவை குறைந்தால்: ஈர உப்பு சல்லடைக் கண்களை அடைத்திருக்கலாம். உப்பை நன்கு வடித்து உலர்த்திய பின் இடவும். சுத்தி முனை தேய்ந்திருந்தால் திருப்பிப் போடவும். பெல்ட் நழுவினால் சரியான அளவுக்கு இறுக்கவும்.

அதிர்வு ஏற்பட்டால்: சுத்திகளில் ஒருபுறம் உப்பு படிந்திருக்கலாம், அடித்தள போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். தேய்ந்த சுத்தி ஒன்றை மட்டும் மாற்றினாலும் எடை சமன் கெடும். எதிரெதிரே உள்ள சுத்திகளைச் சம எடையில் சோடியாக மாற்றவும்.

பேரிங் சூடானால்: கிரீஸ் குறைவு மட்டுமன்றி, மிகுதியாக இடுவதும், பெல்ட்டை அதிகம் இறுக்குவதும் காரணமாகும். உப்புத் தூள் புகாதபடி சீல் சரியாக உள்ளதா எனவும் பார்க்கவும்.

மோட்டார் உறுமியும் சுழலாவிட்டால்: மூன்று பேஸ்களில் ஒன்று வராமல் இருக்கலாம். உடனே அணைக்காவிட்டால் சுருள் கருகிவிடும்.

உப்பின் தரம்

துரு உதிர்ந்தால் உப்பின் நிறம் கெடும். இரும்புத் துண்டு சேர்ந்தால் உண்போருக்கு ஆபத்து. இடுவாயில் காந்தம் பொருத்தி, அதில் சேர்வதை நாள்தோறும் அகற்ற வேண்டும். உண்ணும் உப்பில் விற்பனை நிலையிலும் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். ஈரமான, சமமற்ற தூளில் அது சீராகப் பரவாது.

மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெல்ட்டைக் கழற்றி, இயந்திரத்தை நன்கு துப்புரவு செய்து உலர்த்தவும். உப்பு படும் பாகங்களில் உணவுத் தொழிலுக்கு உகந்த எண்ணெயை மெல்லியதாகத் தடவவும். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவவே கூடாது. அடுத்த பருவத்தில் துடைத்தெடுத்து, முதலில் அரையும் உப்பை ஒதுக்கிவிடவும்.

பெல்ட்டுக்கு எப்போதும் கூண்டு இருக்க வேண்டும். தோளில் துண்டும், தொங்கும் முந்தானையும் இயந்திரத்தருகே கூடாது. இழந்த சுத்தியை வாங்கிவிடலாம். இழந்த கையை வாங்க முடியாது.