கட்டுவிரியனைப் போன்ற நஞ்சில்லாப் பாம்பு

மோட்டார் கொட்டகையிலோ வீட்டுச் சுவரிலோ வெள்ளைப் பட்டை போட்ட சிறு பாம்பு தென்பட்டால், கட்டுவிரியன் என்று எண்ணிக் கம்பெடுப்பது கிராமங்களில் வழக்கம். இப்படி அடிபட்டுச் சாகும் பாம்புகளில் பல, வெள்ளிக்கோல் வரையன் எனப்படும் நஞ்சில்லாப் பாம்புகளே. முன்பற்கள் நீண்டிருப்பதால் இதற்கு ஓநாய்ப்பாம்பு என்றும் பெயர். பல்லிகளே இதன் முக்கிய இரை. அவற்றைத் தேடியே இது இரவில் சுவரேறி வருகிறது.

ஓநாய்ப்பாம்பு பழுப்பு நிறமுடையது. இரண்டு அடிக்கு மேல் வளர்வது அரிது. தலை தட்டையாகவும் கழுத்தைவிட அகன்றும் இருக்கும். பட்டைகள் கழுத்திலேயே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். அதன் உடல் பளபளக்கும் கருமை அல்லது கருநீலம். மூன்று, நான்கு அடி நீளம் வளரும். தலைக்குப் பின் சிறிது தூரம் பட்டை இராது. அதன் பிறகு மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வால்வரை செல்லும்.

ஆனால் பட்டையை மட்டும் நம்புவது ஆபத்து. கட்டுவிரியன் குட்டிக்குப் பட்டைகள் தலைக்கு அருகிலேயே தொடங்குவதுண்டு. வயதான பாம்பில் அவை மங்கியும் போகும். முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருப்பதே கட்டுவிரியனின் உறுதியான அடையாளம். அதைக் காண அருகில் போக வேண்டும். அந்த வேலை வேண்டாம். செத்த பாம்பின் தலையைக்கூடக் கையால் தொடலாகாது.

ஓநாய்ப்பாம்பு பிடித்தால் சுறுசுறுப்பாகக் கடிக்கும். கடிபட்டவர் மந்திரித்துக்கொண்டு பிழைத்ததாகப் பேச்சு பரவும். நஞ்சே ஏறாத உடம்பிலிருந்து எதை இறக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை! அந்த நம்பிக்கையில் அடுத்தவர் கட்டுவிரியன் கடிக்கும் மந்திரவாதியையே நாடினால் உயிர் போய்விடும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குபவர்களையே கடிக்கிறது. வலியோ வீக்கமோ அதிகம் இராது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை கண்டால் தாமதிக்கலாகாது. நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், நஞ்சுமுறிவு மருந்தோடு செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம். எந்தப் பாம்பு எனத் தெரியாவிட்டாலும், கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைப் பிடித்துச் செல்லத் தேவையில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம், இம்மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துத் தருகிறது.

கட்டுவிரியன் எலி வளை, செங்கல் அடுக்கு, கறையான் புற்று ஆகியவற்றில் பகலில் ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே இவற்றை வீட்டை ஒட்டி விடலாகாது. களத்தில் காவலுக்குப் படுப்பவர்கள் கயிற்றுக் கட்டிலில் படுப்பது நல்லது. தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகையில் டார்ச் விளக்கும் காலணியும் அவசியம்.