குஞ்சின் வயிறும் கோழியின் சிறகும்

கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இது நன்மை. ஆனால், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கோழிக்குஞ்சுக்கு ஈரமும் குளிரும் பகை. அவை முதலில் தாக்குவது அதன் வயிற்றைத்தான். ஏன் தெரியுமா?

கட்டுச்சோறு

கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் ஆகின்றன. பொரிவதற்குச் சற்று முன்பு, எஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இதுவே அதன் கட்டுச்சோறு. அதனால்தான் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியில்லாமலே பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்ப முடிகிறது.

உணவு உள்ளே இருந்தாலும் செரிமானம் ஒழுங்காக நடக்க வெப்பம் வேண்டும். பிறந்த குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறன் குறைவு. தாயின் சிறகுதான் அதற்குப் போர்வை. அது இல்லாதபோது குளிர் தாக்கினாலும், தண்ணீர் கிடைக்காவிட்டாலும், சூடு மிகுந்தாலும் செரிமானம் கெடுகிறது. எச்சம் பசைபோல் வெளிவந்து, பின்புறத் தூவியில் ஒட்டிக் காய்ந்து, எச்சத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. கவனிக்காவிட்டால் குஞ்சு இறந்துவிடும்.

என்ன செய்வது?

காய்ந்த எச்சத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். மெல்லிய தோலும் சேர்ந்து கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் சிறிது நேரம் வைத்து, ஊறியபின் மெதுவாகத் துடைத்தெடுங்கள். ஈரத்தை ஒற்றி, குஞ்சை நன்றாக உலர்த்தி, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எச்சத்துவாரத்துக்குக் கீழே, வயிற்றில் தெரியும் சிறு தழும்பு தொப்புள். அதைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அத்துடன் காரணத்தையும் நீக்க வேண்டும். தாய் இல்லாத குஞ்சுகளுக்கு மின்விளக்கால் வெப்பம் கொடுக்கலாம். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் சூடு போதாது. விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். குளிர்ச்சியில்லாத சுத்தமான தண்ணீரை முதலில் காட்டி, பிறகு குஞ்சுத் தீனி வையுங்கள்.

எல்லாக் கழிச்சலும் ஒன்றல்ல

பல குஞ்சுகள் ஒரே சமயத்தில் சோர்ந்து, வெள்ளையாகக் கழிந்து இறந்தால் அது சால்மொனெல்லா வகைப் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். இது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரக்கூடியது. இரண்டு மூன்று வாரக் குஞ்சின் எச்சத்தில் இரத்தம் கண்டால், பெரும்பாலும் அது இரத்தக் கழிச்சல். இதைத் தரும் ஒரு செல் ஒட்டுண்ணிகள் ஈரமான உமியில் ஓரிரு நாட்களில் தொற்றும் பக்குவம் அடைகின்றன. ஆகவே மழைக்காலத்தில் நனைந்த உமியை உடனே மாற்றுவதே பாதி மருத்துவம். மீதிப் பாதிக்குக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். இவ்விரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு வேறு.

தாய் தரும் இன்னொரு சொத்து

பின்லாந்து அறிவியலர்களான நுர்மியும் ரன்டாலாவும் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த கோழிகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் குடலில் சால்மொனெல்லா எளிதில் குடியேற முடியவில்லை! நல்ல நுண்ணுயிர்கள் முன்னரே இடம்பிடித்துக்கொண்டன. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சுக்குத் தாயின் சூடு மட்டுமல்ல, இந்தத் துணையும் கிடைப்பதில்லை. நோயற்ற தாயோடு திரியும் குஞ்சோ, அவள் கிளறிய மண்ணில் கொத்தும்போதே இதைப் பெற்றுவிடுகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் குஞ்சு பொரித்தால் ஒரு நோட்டில் பத்து நாட்களுக்குக் குறிப்பு எழுதுங்கள்: எச்சத்தின் நிறம், உமியின் ஈரம், குஞ்சுகள் கூடி நின்றனவா, பரவி நின்றனவா? ஒரு குஞ்சு சோர்ந்தால் முந்தைய நாள் குறிப்பைப் புரட்டுங்கள். காரணம் அங்கே இருக்கக்கூடும். மருத்துவரிடம் போகும்போதும் அந்த நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.